ஆலா முட்டை, ஆமை முட்டை

அந்தோணிமுத்து வீட்டில் கடல்பறவைக்கும் கடலாமைக்கும் ஓயாத வழக்கு. பறவைக் கட்சிக்கு அவன் மனைவி பியாட்ரிஸ். ஆமைக் கட்சிக்கு அவன். வேண்டுமென்றே தோற்கிற வக்கீல் அவன் என்பது எனக்குக் கொஞ்ச நாளிலேயே விளங்கிவிட்டது. அவள் ஜெயித்துவிட்டு ஒரு வார்த்தை சிரித்துப் பேசினால் போதும், அன்றைய சம்பளம் கைக்கு வந்த மாதிரி அவன் முகம் இருக்கும்.

நான் அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். சுகுமாரன். வேன் ஓட்டுகிறேன். ஆயர் தாவார் ஊரைச் சுற்றி ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனையாகி, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களையும் இடித்துத் தள்ளிய பிறகு எங்களை எல்லாம் இந்தக் குறைந்த விலை வீடுகளில் கொண்டுவந்து அடைத்தார்கள். செம்பனையில் குலை வெட்டும் வேலையை வெளிநாட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. நான் வேன் வாங்கினேன். அந்தோணிமுத்து பாசிர் கெலாம் கடற்கரையில் ஆமை முட்டை பொரிக்க வைக்கும் நிலையத்துக்கு, ஒரு குத்தகைக்காரர் மூலமாக நாள் கூலிக்குப் போனான். கூட்டுவது, முட்டைப் பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளிப்பது, உடும்பையும் நாயையும் அண்டவிடாமல் பார்ப்பது. கூலி சொற்பம். இருந்தாலும் மகனுடைய மருந்தும் பஞ்சும் பேம்பர்ஸும் அதில்தான் ஓடின.

மகன் ரோய்ஸ்டன். சித்தியவான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது செம்பனை லாரி ஒன்று ஒதுக்கித் தள்ளியதில் கழுத்து முறிந்தது. வாய் பேசும், கண் பார்க்கும், தலையைக் கொஞ்சம் திருப்புவான். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தாதி பியாட்ரிஸைக் கூப்பிட்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஒரே பக்கமாகப் படுக்க விடாதே. புண் வரும். வந்தால் ஆறாது. அந்தப் புண்தான் இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கொண்டுபோகும்.

அன்றிலிருந்து திருப்புவதுதான் பியாட்ரிஸின் வாழ்க்கை. அவள் கையில் கடிகாரம் கிடையாது. பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலில், அதுதான் சூராவ், பாங்கு சொன்னால் ஒருதரம், இரண்டு பாங்குக்கு நடுவில் ஒருதரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதையும் விட்டுவிட்டு, பாங்குச் சத்தத்துக்கு எழுந்து நடந்துகொண்டிருந்தாள். “அல்லா எனக்கு அலாரம் வைக்கிறாருண்ணே” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, ஒரே இழுப்பு. அப்புறம் முட்டிகளுக்கு நடுவில் தலையணை. முதுகைத் துடைத்துப் பவுடர். அடுத்த தடவை மறுபக்கம். வேறு யாரையும் செய்ய விடமாட்டாள். அந்தோணிமுத்து கை வைத்தால், “நீங்க மரத்த பொரட்டுற மாதிரி பொரட்டுவீங்க, போங்க” என்று விரட்டிவிடுவாள்.

வழக்குக்கு வருகிறேன். வருடத்தில் ஒருமுறை நிலையத்து அதிகாரிகள் படகில் ஒரு பாறைத் தீவுக்குப் போவார்கள். சாமான் தூக்க அந்தோணிமுத்துவும் போவான். அங்கே வெள்ளையாக, பின்கழுத்தில் கறுப்புப் பட்டையோடு ஒரு பறவை முட்டையிடும். மலாய்க்காரர்கள் சாமார் என்பார்கள். நல்ல தமிழில் அதற்கு ஆலா என்று பெயர் என்பதை நான்தான் அவனுக்குச் சொன்னேன். ஒரு காரியத்துக்கும் உதவாத என் படிப்பில் அதுவும் ஒன்று. திரும்பி வந்தால் ஒரு மாதத்துக்கு இதே பேச்சுதான். ரோய்ஸ்டன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னிடம் ஆரம்பிப்பான்.

“மொட்டப் பாற மச்சான். கூடு கெடையாது, புல்லு கெடையாது. கல்லுக் குழியில ஒரு முட்ட, மிஞ்சுனா ரெண்டு. வெயிலு மண்டையப் பொளக்குது. அது ரெக்கைய விரிச்சி நெழல் குடுத்துக்கிட்டு ஒக்காந்துருக்கு. நடு நடுவுல எந்திரிச்சி அலகால முட்டைய ஒரு உருட்டு. மறுபடி ஒக்காந்துக்கும். ஆம்பளயும் பொம்பளயும் மாத்தி மாத்தி செய்யிதுங்க லா.”

“அது தாய்” என்பாள் பியாட்ரிஸ், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்று. “ஒங்க ஆம, அந்தப் பெஞ்யு, என்னா செய்யிது? நூறு முட்டையக் கொட்டிட்டு, மண்ணத் தள்ளி மூடிட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருது. அதுக்கு கவர்மெண்டு கொட்டாய் போட்டு, தண்ணி தெளிச்சி, ஆள வச்சி ஜாகா பண்ணி காவக் காக்குது.”

“அதுக்கு வீடு கடல்லதானடி. கரையில கெடந்தா செத்துரும். போறப்ப கண்ணுல தண்ணி ஊத்தும். நானே பாத்துருக்கேன்.”

“அழுவுறவ எதுக்குப் போறா? இருக்க வேண்டியதுதான?”

“நூறுல ஒண்ணு ரெண்டு பொழச்சாப் போதும்னு கணக்குப் போட்டுத்தான் அது போடுது.”

“நான் ஒண்ணுதான் போட்டேன்” என்று சொல்லி அவள் மகன் வாயில் கஞ்சியை ஊட்டுவாள். இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலியை வறுத்துப் பொடித்துக் கலந்த கஞ்சி. அதோடு வழக்கு முடியும். ரோய்ஸ்டன் விழுங்கிவிட்டு, “ஒண்ணையும் ஒழுங்காப் போடலியேம்மா” என்பான். அவன் அப்படிப் பேசினால் அவள் தலையில் குட்டுவாள். தலையில்தான் அவனுக்கு உணர்ச்சி உண்டு.

இதில் அந்தோணிமுத்து ஒன்றைக் கவனிக்கவில்லை. பறவையைப் பற்றி அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஏனென்றால் அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். ஆமையைப் பற்றிச் சொல்ல வந்தால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள், அதனால் பாதியில் விட்டுவிடுவான். மற்றபடி அது ஒரு நல்ல வீடு. அந்த வீட்டில் போய் கோப்பி குடிப்பது எனக்குப் பிடிக்கும்.

மழை விட்டு மறுபடி வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு மாதத்தில் அந்தோணிமுத்துவுக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தான், வீட்டுக்கு வந்தும் எழ முடியவில்லை. குத்தகைக்காரர் போன் செய்து, ஆள் இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார்.

“நான் கந்தி போறேன்” என்றாள் பியாட்ரிஸ்.

கந்தி என்றால் பதில் ஆள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. புருஷனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் பெண்சாதி போய் நின்று அவன் பெயருக்குக் குரல் கொடுத்து, அவனுக்கு விட்ட மர வரிசையை, அவன் நிரையை, வெட்டிவிட்டு வருவாள். நிரை வேறு ஆளுக்குப் போனால் திரும்பக் கிடைக்காது. பத்துப் பிள்ளை பெற்றவளும் பச்சை உடம்புக்காரியும் அப்படிப் போயிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் தோட்டத்தை விட்டு வந்த பிறகும் எங்களை விடவில்லை.

காலையில் நான் வேனில் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் போய்க் கூட்டி வந்தேன். அந்த நேரத்தில் ரோய்ஸ்டனை என் மனைவி கலாதேவி பார்த்துக்கொண்டாள். கலாவுக்கு முழங்கால் வலி, கனத்த உடம்பு. அவளால் ஆனதைச் செய்தாள். ஆறடிப் பிள்ளையைப் புரட்ட அவளால் ஆகவில்லை. தோளை மட்டும் கொஞ்சம் தூக்கித் தலையணையைச் செருகிவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

நிலையத்து அதிகாரி என்சே ரம்லி நல்ல மனிதர். பியாட்ரிஸைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், வரிசையாக வைத்திருந்த வெள்ளைப் பெட்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஈர மணலுக்குள் முட்டைகள். தண்ணீர் தெளிப்பது, காவல் இருப்பது, அவ்வளவுதான், வேறு எதிலும் கை வைக்க வேண்டாம் என்றார். அவளும் சரி என்றாள். அதை அவர் சொன்னார் என்று பின்னால் அவளே என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் வேனில் ஏறியவள் வாய் மூடவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் கடலைப் பார்க்கிறாள்.

“காத்து எப்புடி அடிக்குது தெரியுமாண்ணே! சேலையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். பாவம்ணே அந்த முட்டைங்க. பிங்போங் பந்து மாதிரி, மெத்து மெத்துன்னு. அப்புடியே மண்ணுக்குள்ள கெடக்குதுங்க, கேக்க நாதியில்லாம.”

“நாதி நீதான் இப்ப” என்றேன்.

கிண்டலுக்குச் சொன்னது. அவள் சிரிக்கவில்லை, தலையாட்டினாள்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி ரோய்ஸ்டனுக்குக் கூவே பலகாரம் வாங்கினாள். தனக்கும் நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் வாங்கி வேனிலேயே குடித்தாள். ஒரு பெண் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். இதில் தப்பு என்ன இருக்கிறது?

அந்தோணிமுத்து எழுந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில், சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். வெளியே நல்ல மழை. பியாட்ரிஸ் மரவள்ளிக் கிழங்கை அவித்து, சம்பாலோடு தட்டில் வைத்தாள். ரோய்ஸ்டன் கண் மூடிப் படுத்திருந்தான்.

“ஒங்க பெஞ்யு முட்டைங்க எப்புடி இருக்கு?” என்று கேட்டாள் புருஷனை.

“இருக்கு. இன்னும் ஒரு மாசம் ஆவும்.”

“நல்லாப் பொரிக்கும் பாருங்க. நான் செஞ்சிட்டு வந்துருக்கேன்.”

“என்னா செஞ்ச?”

“நீங்கதான சொன்னீங்க, அந்தப் பறவ எப்புடி உருட்டுதுன்னு. இதுங்களுக்கு ஆத்தாக்காரி இல்ல. யாரு உருட்டுவா? தெனம் காலையில போனதும் ஒருக்கா, கெளம்புறப்ப ஒருக்கா, மண்ண மெதுவா வெலக்கி, ஒவ்வொண்ணாத் திருப்பி வச்சிட்டு மூடுவேன். லயத்துல வெளக்கு வச்சி வாத்து முட்ட பொரிக்க வச்சவதான நான். ஒரு முட்ட கெட்டதில்ல.”

அந்தோணிமுத்து கையில் இருந்த கிழங்கைத் தட்டில் வைத்தான்.

“எத்தன பெட்டி?”

“எல்லாப் பெட்டியுந்தான். ஒண்ண மட்டும் பாத்தா மத்தது பாவமில்லையா?”

அவன் அவளையே பார்த்தான். நான் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். “நல்லது” என்றான். “நல்லாத்தான் செஞ்சிருக்க.” கிழங்கை எடுத்துத் தின்றான்.

மறுநாள் அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வேனை நிறுத்தி டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் குந்தினான். அழுதிருந்தான்.

“போச்சு மச்சான். எல்லாம் போச்சு.”

“என்னா ஆச்சு லா?”

“பறவ முட்டையத் திருப்பலன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும், செத்துரும். பெஞ்யு முட்ட நேர்மாறு. அதுல குஞ்சு மேல் ஓட்டப் புடிச்சிக்கிட்டுத்தான் வளரும். போட்ட கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் அசைக்கவே கூடாது. திருப்புனா பிச்சிக்கிட்டு உள்ளேயே முங்கிச் செத்துரும். அதான் எடுத்துட்டு வாரப்பகூட மேல் பக்கத்த மேலேயே வச்சி எடுத்துட்டு வாரோம்.”

“அவகிட்ட இத நீ சொல்லலியா?”

“பெஞ்யு பேச்செடுத்தா எங்க கேக்குறா? நானும் வேணும்னே பறவையப் பத்தியே பேசுவேன். அவ செய்யிறதுதான் சரின்னு ஆவணும்னு பேசுவேன். என் வாயிதான் மச்சான் எல்லாத்துக்கும்.”

“சரி, தெரியாமச் செஞ்சது. சொல்லிப் புரிய வச்சாப் போச்சு.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சல் விட்ட கை, எலும்பாக இருந்தது.

“அவளுக்குத் தெரியக் கூடாது மச்சான். எந்த ஜென்மத்துலயும் தெரியக் கூடாது. திருப்புனாப் பொழைக்கும்னு நம்பித்தான் அவ எந்திரிக்கிறா, ஒக்கார்றா. திருப்பித் திருப்பியே கொன்னுட்டோம்னு தெரிஞ்சா அவ கை நின்னுரும். அவ கை நின்னா எம் மவன் போயிருவான்.”

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். எங்களுக்கு ஒரு முழம் தள்ளி அந்த ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு கிழட்டு முட்டாள்கள்.

பொரிக்க வேண்டிய நாள் வந்து, போய், அதற்கு மேலும் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு பெட்டியிலும் மண் அசையவில்லை. என்சே ரம்லி கடைசியில் பிரித்தார். நாற்றம் கொட்டகைக்கு வெளியே வரை வந்தது என்று அந்தோணிமுத்து மறுபடி அதே ஜன்னலோரம் வந்து என்னிடம் சொன்னான். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, ஒரே கட்டத்தில் எல்லாம் செத்திருக்கின்றன, யாரோ அசைத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தோணிமுத்து, நான்தான் என்றான். காய்ச்சலோடு வந்து வேலை செய்தேன், தலை சுற்றியது, பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டு அள்ளிப் போட்டு மூடினேன் என்றான். அவர் நம்பினாரோ என்னவோ. எல்லாப் பெட்டியையுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். குத்தகைக்காரர் மறுநாளே வேறு ஆள் போட்டார்.

பியாட்ரிஸிடம் குத்தகை கைமாறிவிட்டது, பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னான். முட்டைகள் நன்றாகப் பொரித்து, எல்லாம் கடலுக்குப் போய்விட்டன என்றும் சொன்னான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு அதை நினைத்துச் சந்தோஷப்பட நேரம் இல்லை. ரோய்ஸ்டனுக்கு முதுகின் அடியில், இடுப்பு எலும்புக்கு மேலே புண் வந்திருந்தது. அவள் கடற்கரைக்குப் போன அந்த நாட்களில்தான் சிவந்திருக்க வேண்டும். கலா அதைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. முதலில் காசு அளவு இருந்தது. பியாட்ரிஸ் முன்னைவிட அடிக்கடி திருப்பினாள். அது ஆழமாகிக்கொண்டே போனது, காய்ச்சலும் கண்டது. கிளினிக்கில் சுத்தம் செய்து கட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம், ஆனால் இவன் உடம்பில் ஆறுவதற்குச் சத்து இல்லை என்றார்கள். வேலை இல்லாத அந்தோணிமுத்து வீட்டோடு இருந்தான். சமைத்தான், துணி துவைத்தான், கட்டில் பக்கம் மட்டும் வரமாட்டான். பறவையையும் ஆமையையும் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழவே இல்லை.

ஈப்போவுக்குக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள், அவனைப் படுக்க வைக்க வேனில் எந்த சீட்டைக் கழற்றலாம் என்று கேட்க மத்தியானம் போனேன். புகைமூட்டக் காலம். வீட்டுக்குள்ளேயே கண் எரிந்தது. பியாட்ரிஸ் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றியிருந்தாள். அந்தோணிமுத்து அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

“அம்மா, வேணாம்மா” என்றான் ரோய்ஸ்டன். “திருப்பாத.”

“இந்தா ஆச்சுய்யா. ஒரு நிமிசம்.”

“போதும்மா. விட்டுரு.”

“அப்புடிப் பேசாத. நாளைக்கு ஈப்போ போறோம். பெரிய டாக்டரு பாப்பாரு.”

“நீ திருப்பித் திருப்பி என்னா ஆச்சு? புண்ணு கொறஞ்சிச்சா?”

“திருப்பாம விட்டதாலதான் வந்துச்சு. நான் இல்லாத நாளுல.”

“அம்மா. அந்த முட்டைங்க ஒண்ணுகூடப் பொரிக்கல.”

அவள் கை அவன் தோளிலேயே இருந்தது.

“அப்பா பொய் சொன்னாரு. எல்லாம் செத்துப் போச்சு. பெஞ்யு முட்டையத் திருப்பவே கூடாதாம். திருப்புனாச் செத்துருமாம். நீதான் திருப்புன. அப்பா நான்தான் செஞ்சேன்னு சொல்லி வேலைய விட்டாரு. ஜன்னலுக்கு வெளிய சுகு அங்கிள்கிட்டச் சொன்னத எல்லாம் நான் கேட்டேன்.”

அவளைக் குத்த வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. தன்னை விட்டுவிடும்படி கேட்பதற்கு, அசையாத அந்தப் பிள்ளையிடம் வேறு எந்தச் சாமானும் இல்லை.

“நானும் அந்த மாதிரிதாம்மா. பறவ முட்ட இல்ல நான். விட்டுரும்மா.”

அந்தோணிமுத்து மீன் கையோடு வந்து வாசலில் நின்றான். பியாட்ரிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நெசமாங்க?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் எல்லாம் அவளுக்காகத் தோற்றவன், கையில் ஒட்டிய செதிலை உரித்துக்கொண்டு நின்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அத்தனையுமா?” என்றாள்.

முழங்காலைக் கட்டிலிலிருந்து எடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தோணிமுத்து ஏதேதோ சொன்னான். முட்டை வேற, பிள்ள வேறடி. ஆமையோட போயி மனுசன சேக்கலாமா. தாதி சொன்னத மறந்துட்டியா. காய்ச்சல்ல அவன் ஒளறுறான். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. சூராவ்விலிருந்து பாங்கு வந்து, முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை மல்லாந்து, புண்ணின் மேலேயே கிடந்தான்.

வெகுநேரம் கழித்து அந்தோணிமுத்து போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். சட்டையில் துடைத்தான். அவள் செய்வதைப் போலவே ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றினான். தோளில் ஒரு கையை வைத்தான். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தேடி, இடுப்புக்குக் கொண்டுபோய், கட்டுத் துணியில் பட்டதும் எடுத்துவிட்டான்.

“பியா” என்றான். “எந்தப் பக்கண்டி திருப்பணும்?”

அவள் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோய்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தோணிமுத்து என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.